‘நீங்கள்’ என்னும் சொல்லும் ஏழு வேற்றுமையும்

(கல்விச் சங்க வெள்ளி விழாவில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடைக்கு உரிய பொருள்கள் பல உண்டு. கல்வியின் சிறப்பைப் பேசலாம். சங்கம் கடந்துவந்த பாதையைப் பேசலாம். அவற்றை என்னினும் வல்லார் ஈண்டுப் பேசிவிட்டனர். ஆகவே, குரோஷிய மொழியின் அடிப்படை இலக்கணத்தையும், அம்மொழியில் பணியிடத்து வழங்கும் இன்சொற்களையும் பற்றிப் பேச எண்ணினேன். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், “தூத்துக்குடிக்கும் குரோஷியாவுக்கும் என்ன ஐயா தொடர்பு?” என்றார். நியாயமான வினாதான்.

குரோஷியா ஐரோப்பாவின் தென்கிழக்கில், ஏட்ரியாட்டிக் கடலோரம் அமைந்த சிறிய நாடு. 1991-ஆம் ஆண்டு தனிநாடாயிற்று. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2023 சனவரி முதல் யூரோ நாணயத்தை ஏற்றுக்கொண்டது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை சுமார் 38 லட்சத்து 70 ஆயிரமே. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளும் பழைய துறைமுக நகரங்களும் உள்ள அந்நாட்டிற்குக் கோடைதோறும் சுற்றுலாப் பயணிகள் வந்து குவிகின்றனர். அந்நாட்டு இளைஞர்களோ ஒன்றியத்தின் செல்வ நாடுகளை நோக்கிச் செல்கின்றனர். விடுதிகளிலும் கட்டட வேலைகளிலும் ஆட்கள் போதவில்லை. அயல்நாட்டுத் தொழிலாளர்க்கு இத்தனை பேர்தாம் என்றிருந்த ஆண்டு வரம்பை 2021 தொடக்கத்தில் நீக்கினர். அதன்பின் நேபாளம், இந்தியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே சென்றுள்ளனர். என் பழைய மாணவர் ஒருவரும் அவர்களுள் ஒருவர். கடற்கரை நகரம் ஒன்றின் உணவு விடுதியில் பணிபுரிகிறார். அவர் அலைபேசியில் கேட்ட ஐயங்களே இந்த வயதில் என்னை இம்மொழிக்குள் இழுத்துச் சென்றன.

அயல்மொழி கற்பது நம் கடற்கரைக்குப் புதிதன்று. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இக்கரையில், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், 16-ஆம் நூற்றாண்டில் அன்றிக் என்றிக்கஸ் என்னும் போர்ச்சுக்கல் நாட்டுப் பாதிரியார் வாழ்ந்தார். 1546-இல் இந்தியா வந்தவர், சில ஆண்டுகளுக்குள் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதினார். தொல்காப்பியமும் நன்னூலும் நம்மிடம் இருந்தன. ஆயினும் இவர் எழுதியது ஏட்டுத் தமிழுக்கு அன்று, கடற்கரையில் மக்கள் பேசிய தமிழுக்கு. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூல் இவர் தந்ததே. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது.

இவரைப் பற்றி நம் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. இவர் யூத மரபில் வந்தவர். அக்காலப் போர்ச்சுக்கலில் அந்த மரபினரைக் ‘குருதித் தூய்மை’ இல்லாதவர் என்று விலக்கி வைத்தனர். முதலில் சேர்ந்த துறவற சபையிலிருந்து அவர் வெளியேற நேர்ந்ததற்குக் காரணம் அவருடைய பிறப்பே. பின்னரே இயேசு சபையில் இடம் கிடைத்தது. பிறப்பைக் காட்டி வாயிலடைத்தல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று போலும்! அப்படி விலக்கப்பட்டவரே நம் கரைக்கு வந்து, மீனவரிடம் வாய்மொழி கேட்டு, இலக்கணம் வகுத்தார்.

அதே இயேசு சபையைச் சேர்ந்த பார்த்தொல் காஷிச் என்பவர் 1604-இல் குரோஷிய மொழிக்கு முதல் இலக்கண நூலை ரோம் நகரில் வெளியிட்டார். அவர் பிறந்த ஊர் பாக் என்னும் தீவு. அத்தீவு எதற்குப் பெயர் பெற்றது தெரியுமா? உப்பளத்திற்கு! உப்பளத்தில் பாத்தி கட்டி வளர்ந்த நம்மவர்க்கு அவரை உறவினர் என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு. உப்பு அவர்கள் மொழியில் ‘சோல்’, கடல் ‘மோரே’, மீன் ‘ரீபா’, துறைமுகம் ‘லூக்கா’, முத்து ‘பிஸெர்’.

சொற்கள் கடல் கடந்து போவதும் வருவதும் இயல்பு. சாவி, மேசை, சன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியர் நமக்கு விட்டுச் சென்றவை. நாம் கொடுத்தவையும் உண்டு. குரோஷியர் இஞ்சியை ‘ஜும்பிர்’ என்பர். அது நம் ‘இஞ்சி வேர்’ பாலி, கிரேக்கம், இலத்தீன் வழியே சென்று உருமாறிய சொல். சர்க்கரையை ‘ஷெச்செர்’ என்பர். அதுவும் நம் சர்க்கரையும் ஒரு குடும்பம். தேநீருக்கு ‘சாய்’ என்றே பெயர். ஆகவே ஒரு தேநீர்க் கடைக்கு வேண்டிய சொற்களில் பாதி உங்களுக்கு முன்பே தெரியும்.

இனி மொழிக்குள் வருவோம். முதலில் ஒலி. குரோஷிய மொழியில் 30 எழுத்துகள். உரோம எழுத்தே, சிலவற்றின் தலையில் சிறு குறிகள் இருக்கும். எழுதியபடி வாசிக்கலாம், வாசித்தபடி எழுதலாம். ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டலில் அல்லலுற்ற நம் பிள்ளைகளுக்கு இது பெரும் விடுதலை. ஆயினும் தமிழர்க்கு இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, மெய்யெழுத்துகள் நெருங்கி நிற்கும். ‘நன்றி’ என்பதற்கு ‘ஹ்வாலா’. நாம் இஸ்கூல் என்பதுபோல் இடையில் உயிரெழுத்தை நுழைத்தல் ஆகாது. அந்நாட்டின் பெயரையே அவர்கள் ‘ஹ்ர்வாத்ஸ்கா’ என்கின்றனர். அதில் ரகர ஒற்றே உயிரெழுத்தின் வேலையைச் செய்கிறது. மற்றொன்று, வல்லெழுத்தின் வன்மையும் மென்மையும். நம் எழுத்தில் ‘க’ ஒன்றுதான். கடலில் ஓர் ஒலி, அகத்தில் ஓர் ஒலி. அங்கே இரண்டும் தனித்தனி எழுத்துகள். ‘கோஸ்த்’ என்பதைக் ககரத்தின் மென்மை ஒலியில் தொடங்கினால் விருந்தினர். வன்மை ஒலியில் தொடங்கினால் எலும்பு! விருந்தினரை எலும்பே என்று அழைத்துவிட்டால் அன்றைய வேலை அன்றோடு முடிந்தது. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாது. ஆகவே மலரில் இவ்வுரையைப் படிப்போர் எழுத்தை மட்டும் நம்பாமல் ஒருமுறை வாய்விட்டுச் சொல்வாரைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து வேற்றுமை. குரோஷிய மொழி கடினம் என்று ஆங்கிலேயர் அஞ்சுவது இங்கேதான். அதில் ஏழு வேற்றுமைகள் உள்ளன. எட்டு வேற்றுமைகளை எட்டாம் வகுப்பிலேயே கற்ற நமக்கு இதில் என்ன அச்சம்? வேற்றுமை என்பது என்ன என்று அவர்களுக்கு விளக்கவே ஒரு வாரம் ஆகும். நாமோ நேரே உருபுக்குச் செல்லலாம். நம் முதல் வேற்றுமை அங்கும் உண்டு. ‘ஐ’ உருபேற்கும் இரண்டாம் வேற்றுமையும், ‘கு’ உருபேற்கும் நான்காம் வேற்றுமையும், இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமையும் உண்டு. நம் ஐந்தாவதும் ஆறாவதும், அதாவது நீங்கலும் உடைமையும், அங்கே ஒரே வடிவில் அடங்கிவிட்டன. ஆதலால் எட்டு ஏழாயிற்று.

எனக்கு வியப்பளித்தது மூன்றாம் வேற்றுமை. நம் மூன்றாம் வேற்றுமை, கருவி, உடனிகழ்ச்சி என்னும் இரு பொருள்களிலும் வரும்: பேருந்தால் வந்தான், பாலோடு கொடுத்தான். குரோஷியத்திலும் அப்படியே. ‘அவுதோபுஸ்’ என்பது பேருந்து, ‘அவுதோபுஸோம்’ பேருந்தால். ‘ம்லியேகோ’ என்பது பால். ‘காவா ஸ் ம்லியேகோம்’ பாலோடு கூடிய காப்பி. உடனிகழ்ச்சிக்கு முன்னால் ‘ஸ்’ ஒன்று சேரும். இறுதியில் வரும் உருபு ஒன்றே. சர்க்கரை இல்லாத காப்பி வேண்டுமென்றால் ‘காவா பெஸ் ஷெச்செரா’. இல்லாமையைக் குறிக்கும் ‘பெஸ்’ என்னும் சொல்லுக்குப் பின் பெயர் ஆறாம் வேற்றுமை வடிவம் பெறும்.

ஓர் எச்சரிக்கை. நாம் “ஒரு காப்பி கொடுங்கள்” என்கிறோம். ‘காப்பியை’ என்று உருபு விரித்துச் சொல்வதில்லை. இலக்கணம் இதனை வேற்றுமைத் தொகை என்னும். குரோஷியத்தில் ‘காவா’ பெண்பாற் சொல். அங்கே உருபு தொகாது. “யெத்னு காவு, மோலிம்” என்று மாற்றியே சொல்லவேண்டும். ஆண்பாற் சொல்லாகிய ‘சாய்’ மட்டும் மாறாது நிற்கும்: “யெதன் சாய், மோலிம்.” ஆம், அங்கே காப்பி பெண்பால், தேநீர் ஆண்பால்! உயர்திணை, அஃறிணை என்று பகுத்தறிந்து பால் வகுத்த நம் முன்னோர் இதைக் கேட்டால் நகைப்பர். ஆனால் பிறர் வீட்டில் அவர்கள் வழக்கம்தான் நமக்கு வழக்கம். காலை, பகல், மாலை வணக்கங்களில் முப்பாலும் வந்துவிடுகின்றன. ‘தோப்ரோ யூத்ரோ’ என்பது நல்ல காலை; ‘தோபர் தான்’ நல்ல பகல்; ‘தோப்ரா வேச்செர்’ நல்ல மாலை. ‘நல்ல’ என்னும் ஒரே அடை பொதுப்பால், ஆண்பால், பெண்பால் என மும்முறை மாறுகிறது. இம்மூன்றையும் மனப்பாடம் செய்தவன் பால் இலக்கணத்தில் பாதியைக் கற்றவன்.

வினைச்சொல்லுக்கு வருவோம். செய்கிறேன், செய்கிறாய் என்று நம் வினைமுற்று தன்மை முன்னிலையைத் தன் ஈற்றிலேயே காட்டுவதுபோல், வேலை செய்தல் என்னும் பொருளுடைய வினை ‘ராதிம், ராதிஷ், ராதி, ராதிமோ, ராதிதே, ராதே’ என்று வரும். ‘நான்’ என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ‘ராதிம்’ என்றாலே நான் வேலை செய்கிறேன் என்பதாம்.

இப்போது இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருகிறேன். அம்மொழியில் ‘தி’ என்றால் நீ. ‘வி’ என்றால் நீங்கள். ஒருவரையே விளித்தாலும் மரியாதைக்குப் பன்மைதான். “காக்கோ சி?” என்றால் எப்படி இருக்கிறாய், “காக்கோ ஸ்தே?” என்றால் எப்படி இருக்கிறீர்கள். ஏவலில் ‘தே’ என்னும் ஈறு சேர்ந்தால் மரியாதை. ‘ஒப்ரோஸ்தி’ மன்னித்துக்கொள், ‘ஒப்ரோஸ்திதே’ மன்னியுங்கள். ‘ஸ்யெத்னி’ உட்கார், ‘ஸ்யெத்னிதே’ உட்காருங்கள். நம் ‘உங்கள்’ ஈறு செய்யும் வேலையை அங்கே ‘தே’ செய்கிறது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இன்றில்லை; ஆகவே ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இதைக் கற்கத் தடுமாறுவர். தமிழர் ஒரு நாளில் கற்பர். கடவுளை ‘நீ’ என்பது அங்கும் வழக்கம். பிள்ளைகளையும் நெருங்கிய நண்பரையும் ‘நீ’ என்பதும் வழக்கம். அதுவும் நம்மைப்போலவே.

ஒரே ஒரு வேறுபாடு. முன்பின் அறியாத வயது வந்தோர் இருவர் சந்தித்தால், அங்கே இருவருமே ஒருவரையொருவர் ‘நீங்கள்’ என்பர். காப்பி கேட்பவரும் ‘நீங்கள்’; காப்பி கொண்டு வருபவரும் ‘நீங்கள்’. ‘நீ’ என்று மாறினாலும் பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே மாறுவர்.

நம் தமிழில் ‘நீங்கள்’ இல்லையா? உண்டு. அது ஒருவழிப் பாதையாய் இருந்தது என்பதுதான் நம் வரலாறு. அறுபது வயதுக் கிழவரைப் பதினைந்து வயதுச் சிறுவன் ‘நீ’ என்பான். கிழவர் அவனை ‘ஐயா’ என்று விளிப்பார். நான் கல்லூரியில் படித்த நாளில், பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊரில் உடன் பயின்ற நண்பர்களோடு தேநீர் அருந்தச் சென்றேன். கடைக்காரர் என் ஊரையும் தெருவையும் கேட்டறிந்தார். மற்றவர்க்குக் கண்ணாடிக் குவளை. எனக்குத் தகரக் குவளை. “குடிச்சிட்டுக் கழுவி வச்சிட்டுப் போ” என்றார். மற்றவரிடம் அவர் ‘ங்க’ போட்டுப் பேசியது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி காரணமாக ஒருவரையும் தடுத்தல் கூடாதென்று அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கூறியும், 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தும் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. குவளையைச் சட்டத்தால் மாற்றலாம். வினைமுற்றின் ஈற்றை எச்சட்டத்தால் மாற்றுவது? என் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவரை நான் ‘நீங்கள்’ என்றே விளிக்கிறேன். முதல் வாரம் சிரிப்பார்கள்; பிறகு நிமிர்ந்து உட்கார்வார்கள்.

ஆகவே, விடுதி வேலைக்குப் போகும் நம் பிள்ளை பணிவுச் சொற்களைக் கற்பதை அடிமைத்தனம் என்று எவரேனும் நினைத்தால் நான் ஏற்கமாட்டேன். கொடுப்பதும் பெறுவதும் ஒரே மரியாதையாய் இருக்கும் இடத்தில் பணிவு என்பது தொழில்திறன். கைகட்டி நிற்பது வேறு. இன்சொல் கூறுவது வேறு. அதற்காக அந்நாட்டைப் பொன்னுலகம் என்று சொல்லவும் நான் வரவில்லை. தோலின் நிறத்தைப் பார்ப்போர் அங்கும் உண்டு. அத்தகையோர் உங்களை ‘தி’ என்று அழைத்தால், அது அம்மொழியின் இலக்கணம் அன்று, அவருடைய குணம் என்று கண்டுகொள்ளும் அறிவும் இந்த இலக்கணத்தால்தான் வரும்.

மேசையருகே வழங்கும் சொற்களைக் காண்போம். தலையாய சொல் ‘இஸ்வோலிதே’. இதற்கு நேரான ஆங்கிலச் சொல் இல்லை, தமிழில் உண்டு. விருந்தினர் வந்து அமர்ந்ததும் “இஸ்வோலிதே” என்றால் ‘சொல்லுங்கள், என்ன வேண்டும்’. தட்டை வைக்கும்போது “இஸ்வோலிதே” என்றால் ‘இந்தாருங்கள்’. அடுத்தது ‘மோலிம்’. வேண்டிக்கொள்கிறேன் என்பது அதன் நேர்பொருள். கேட்கும்போது தயவுசெய்து என்றாகும், எவரேனும் நன்றி சொன்னால் பரவாயில்லை என்றாகும், காதில் விழாவிட்டால் “மோலிம்?” என்பது ‘என்ன சொன்னீர்கள்?’ என்றாகும். மூன்றாவது ‘ஹ்வாலா’. இங்கே நம்மவர் கவனம் கொள்ளவேண்டும். நம் ஊரில் தண்ணீர் கொடுத்தவருக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அயலார்போல் பேசுகிறாயே என்பர். நம் மரியாதை வினை ஈற்றிலும் முகத்திலும் இருக்கிறது. அங்கோ ஒவ்வொரு முறையும் ‘மோலிம்’, ‘ஹ்வாலா’ வேண்டும். சொல்லாதவனை முரடன் என்பர்.

விருந்தினரை அழைக்க விளி வேற்றுமை. ‘கோஸ்போதின்’ என்பது ஐயா, விளிக்கும்போது ‘கோஸ்போதினே’. ‘மகன்’, ‘மகனே’ என்று நாம் ஏகாரம் சேர்ப்பதுபோலவே! ‘கோஸ்போஜா’ என்பது அம்மையார், விளியில் ‘கோஸ்போஜோ’. “யோஷ் நேஷ்தோ?” என்றால் வேறு ஏதாவது வேண்டுமா. “சாமோ மாலோ” என்றால் சற்றுப் பொறுங்கள். அவர் “ராச்சூன், மோலிம்” என்றால் கணக்குச் சீட்டுக் கேட்கிறார். போகும்போது “தோவிஜேன்யா”, மீண்டும் காண்போம். எண்ணும்போது மட்டும் விழிப்பாய் இருங்கள்: ஒரு காப்பி ‘யெத்னா காவா’, இரண்டு காப்பி ‘த்வியே காவே’, ஐந்து காப்பி ‘பேத் காவா’. ஐந்து முதல் பெயரின் வடிவம் மீண்டும் மாறும். என் மாணவர் இதற்கு மட்டும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றினும் முதலில் கற்க வேண்டிய தொடர் ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். “நே ரஸூமியேம்.” எனக்கு விளங்கவில்லை. இதைச் சொல்ல நம் பிள்ளைகள் வெட்கப்படுகின்றனர். வகுப்பறையில் பல ஆண்டுகளாக நான் காண்பது இது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து விழிப்பார்கள். வெளிநாட்டில் அப்படித் தலையாட்டினால் கூலி போகும். ‘உகோவோர்’ என்பது ஒப்பந்தம். ‘பிளாச்சா’ என்பது சம்பளம். ஒப்பந்தத் தாளில் இவ்விரு சொற்களையும் தேடிக் கண்டு, பக்கத்திலுள்ள எண்ணை வாசித்து, ஊரில் முகவர் சொன்ன தொகைதானா என்று பாருங்கள். ஐயமிருப்பின் “நே ரஸூமியேம். மோலிம் வாஸ், போலாக்கோ” என்று சொல்லுங்கள்: விளங்கவில்லை, உங்களை வேண்டுகிறேன், மெதுவாக. விளங்கும்வரை கையெழுத்து வேண்டாம். முகவரிடம் பணம் கட்டுமுன் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் உசாவுங்கள். உரிமம் பெற்ற முகவர்தானா என்று சரிபாருங்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் திரும்பாத வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அவற்றை இங்கே பெயர் சொல்லத் தேவையில்லை.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் வடமொழி படிக்க விரும்பினார், பிறப்பைக் காட்டி மறுத்தனர், பாரசீகம் படித்தார். அவருக்கு மறுக்கப்பட்ட அந்த வடமொழியின் இலக்கணத்தை, குரோஷிய மரபில் வந்த பிலிப் வெஸ்தின் என்னும் துறவி மலையாளக் கரையில் 1776 முதல் 13 ஆண்டுகள் தங்கிக் கற்று, 1790-இல் ரோமில் அச்சிட்டார். ஐரோப்பாவில் அச்சான முதல் வடமொழி இலக்கணம் அதுவே. கடல் கடந்து வந்தவர்க்குத் திறந்த கதவு, இம்மண்ணில் பிறந்தவர்க்கு மூடிக் கிடந்தது. குரோஷிய மொழிக்கு அப்படி ஒரு கதவும் இல்லை, வாயிற்காவலரும் இல்லை.

வருகிற ஞாயிறு மாலை முதல் சங்கக் கட்டடத்தில் இதற்கு வகுப்பு நடத்த இசைந்துள்ளேன். கட்டணம் இல்லை. இரண்டு கோடு போட்ட குறிப்பேடு ஒன்று கொண்டு வாருங்கள். முதல் வகுப்பில் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் விருந்தினராகவும் ஒருவர் பணியாளராகவும் பேசுவோம்; பிறகு இடம் மாறி அமர்வோம். அக்காள் தங்கைகளும் தவறாமல் வரவேண்டும். வரும்போது ‘காவா’ என்னும் சொல்லை ஏழு வேற்றுமையிலும் எழுதிக் காட்ட முயலுங்கள், தவறினால் திருத்திக்கொள்ளலாம்.